போர் ஆழமும் பம்ப் தேர்வும்: கோட் ஜெனரேட்டர்களை வைத்து ஒரு டிரூபல் மாட்யூல் கட்டிய விவரம்

கோவையில் இருக்கும் ஒரு நடுத்தர பம்ப் கம்பெனியின் இணையதளத்துக்காக எங்கள் சின்னக் குழு ஒரு டிரூபல் மாட்யூல் கட்டியது. டிரூபல் என்பது இணையதளம் கட்டவும் நிர்வகிக்கவும் உதவும் மென்பொருள்; அதில் ஒரு வசதியைச் சேர்க்கும் நிரல் தொகுப்புதான் மாட்யூல். அதைப் பற்றிய முழு விவரம் இது. கம்பெனியின் பெயர் இங்கே தேவையில்லை. போர்வெல் சப்மெர்சிபிள், கிணற்றுக்கான ஓப்பன்வெல், வீட்டு மோனோபிளாக் மூன்றும் செய்கிறார்கள். அன்னூர், அவினாசி, பல்லடம், காங்கேயம், தாராபுரம் என்று அவர்களுக்கு டீலர் கடைகள் இருக்கின்றன. போரின் விவரத்தைக் கொடுத்தால் எந்த மாடல் பொருந்தும் என்று சொல்லும் பக்கம் ஒன்று தளத்தில் வேண்டும் என்று கேட்டார்கள். அந்தப் பக்கத்துக்குப் பின்னால் ஓடும் மாட்யூலைக் கட்ட இரண்டு வகை கோட் ஜெனரேட்டர்களை, அதாவது நிரலை எழுதித் தரும் கருவிகளை, பயன்படுத்தினோம். எது எங்கே கைகொடுத்தது, எது எங்கே ஆபத்தாக இருந்தது என்று எழுதி வைத்தால், இந்த வட்டாரத்தில் இதே மாதிரி வேலை செய்கிறவர்களுக்கு உதவும் என்று நம்புகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யார் செய்தாலும் ஒரே விடை வரும் வேலையை ஜெனரேட்டரிடம் தயங்காமல் கொடுக்கலாம். கடைக்காரர், பம்புகளைச் சோதிக்கும் டெஸ்ட் பெட்டின் ஃபோர்மேன் போன்றவர்கள் தலைக்குள் இருக்கும் விஷயத்தை மட்டும், ஜெனரேட்டரைத் தொடுவதற்கு முன்பே, விடை தெரிந்த கணக்குகளாக எழுதி வாங்கிவிட வேண்டும். இந்த வரிசை மாறினால், பார்க்க ஒழுங்காகவும் பதில் தப்பாகவும் இருக்கும் மாட்யூல்தான் கையில் கிடைக்கும்.

பழைய தளம்

பழைய தளம் டிரூபல் 7-ல் இருந்தது. 2011 ஜனவரி 5-ல் வெளியான அந்தப் பதிப்புக்கு 2025 ஜனவரி 5-ஓடு அதிகாரபூர்வ ஆதரவு நின்றுவிட்டது. அதற்கு மேல் அதில் ஒரு பாதுகாப்புக் குறை வெளிப்பட்டால் டிரூபல் பாதுகாப்புக் குழுவிடமிருந்து திருத்தம் வராது. 2014 அக்டோபரில் அதே டிரூபல் 7-ல், வெளியாள் தரவுத்தளத்துக்குள் கட்டளை நுழைக்க வழிவிடும் ஒரு எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் ஓட்டை வெளியானபோது, அறிவிப்பு வந்த சில மணி நேரத்திலேயே தாக்குதல்கள் தொடங்கிவிட்டன. அதைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தேதியின் கனம் தெரியும்.

பழைய பம்ப் தேர்வு மாட்யூலை யாரோ கையால் எழுதியிருந்தார்கள். மாடல்களின் அட்டவணை முழுக்க பிஎச்பி நிரல் கோப்புக்குள்ளேயே ஓர் அரேயாக (பட்டியலாக) இருந்தது. புது மாடல் ஒன்று வந்தால் புரோகிராமர் ஒருவர் கோப்பைத் திறந்தாக வேண்டும். அதனால் கம்பெனிக்காரர்கள் அந்தப் பக்கத்தைத் தொடுவதையே விட்டுவிட்டார்கள். கேட்டலாக்கில் இல்லாத மாடல்களைக்கூட அது சிபாரிசு செய்துகொண்டிருந்தது.

2015 நவம்பரில் வந்த டிரூபல் 8-லிருந்து உள்கட்டமைப்பே வேறு. சிம்ஃபனி என்ற பிஎச்பி கட்டமைப்பின் பாகங்கள், பக்கத் தோற்றத்துக்கான ட்விக் டெம்ப்ளேட்டுகள், அமைப்புகளை எழுதும் யாம்ல் கோப்புகள், ஆப்ஜெக்ட் முறையிலான பிளக்கின்கள் எல்லாம் அதில்தான் உள்ளே வந்தன. பக்க முகவரிகளை நிரலுக்குள்ளேயே எழுதும் பழைய ஹுக் மெனு முறை போய், முகவரிகள் தனி ரூட்டிங் கோப்புக்குப் போயின. எனவே பழைய மாட்யூலைத் திருத்திக் கொண்டுவர வழியில்லை, புதிதாகத்தான் எழுத வேண்டும். டிரூபல் 10-ஐ எடுத்துக்கொண்டோம். வேறொரு தள மென்பொருளான வேர்ட்பிரஸுக்கு மாறலாமா என்ற பேச்சும் வந்தது. கம்பெனி ஆபீசில் இருப்பவர்களுக்கு டிரூபல் நிர்வாகப் பக்கங்கள் பழகியிருந்ததால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

இரண்டு வகைக் கருவிகள்

கோட் ஜெனரேட்டர் என்று சொல்லும்போது இன்று இரண்டு வேறு சாமான்களைச் சேர்த்துப் பேசுகிறோம். முதல் வகை பழையது. நாம் சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால், முன்பே எழுதி வைத்த அச்சில் அந்தப் பதில்களைப் பொருத்திக் கோப்புகளை உருவாக்கித் தரும். 2004-ல் வந்த ரூபி ஆன் ரெயில்ஸ் இந்த முறையைப் பரவலாக்கியது. வேர்ட்பிரஸில் டபிள்யூபி சிஎல்ஐயின் ஸ்கஃபோல்டு கட்டளை இந்த வகை. டிரூபலில், டிரஷ் என்ற கட்டளைவரிக் கருவியின் ஜெனரேட் கட்டளை இருக்கிறது. அதற்குள் வேலை செய்வது டிரூபல் கோட் ஜெனரேட்டர் என்ற தனி நூலகம். திரையில் டிக் அடித்துச் செய்கிறவர்களுக்கு மாட்யூல் பில்டர் என்ற மாட்யூல் உண்டு. டிரூபல் 8 காலத்தில் டிரூபல் கன்சோல் என்ற கருவியும் பலர் கையில் இருந்தது, ஆனால் அது புதிய பதிப்புகளோடு கூட வரவில்லை. பழைய வழிகாட்டியைப் பார்த்து அதை நிறுவ முயல்கிறவர்களை இன்றும் பார்க்கிறேன். வேண்டாம், டிரஷ் போதும்.

இரண்டாவது வகை மொழி மாடல்கள். 2021 ஜூனில் கிட்ஹப் கோபைலட்டின் முன்னோட்டமும் 2022 நவம்பரில் சாட்ஜிபிடியும் வந்த பிறகு, கோவை, திருப்பூர், ஈரோட்டில் தளம் கட்டுகிற சின்னச் சின்ன ஆபீஸ்களிலும் இவை நுழைந்துவிட்டன. இவற்றிடம் அச்சு எதுவும் கிடையாது. கேட்ட கேள்விக்குப் பொருத்தமாகத் தோன்றும் நிரலை எழுதித் தரும். அதே கேள்வியை நாளைக்குக் கேட்டால் வேறு மாதிரி வரலாம்.

முதல் வகை, தறியில் பாவு பூட்டிக் கொடுக்கிற மாதிரி. எத்தனை இழை, எந்த வரிசை என்று நாம் சொன்னபடி அப்படியே இருக்கும், நெசவு மட்டும் நம் பாடு. இரண்டாவது வகை நெய்தும் கொடுத்துவிடும். அதனால்தான் அங்கே கூடுதல் கவனம் வேண்டியிருக்கிறது.

டிரஷ் போட்டுக் கொடுத்த சட்டகம்

மாட்யூலுக்கு எங்களுக்குத் தேவைப்பட்டவை: பம்ப் மாடலுக்கு ஒரு என்டிட்டி (ஒரு வகைத் தகவலைச் சேமிக்கும் அமைப்பு), வாடிக்கையாளர் விசாரணைக்கு ஒரு என்டிட்டி, தேர்வுப் படிவம், கணக்குப் போடும் சர்வீஸ், நிர்வாக அமைப்புப் படிவம், டெஸ்ட் கோப்புகள். இவை எல்லாவற்றுக்கும் டிரஷ் ஜெனரேட்டில் தனித்தனிக் கட்டளை இருக்கிறது. கன்டென்ட் என்டிட்டிக்கான கட்டளையைக் கொடுத்தால் வரிசையாகக் கேள்வி கேட்கும். ஃபீல்டு சேர்க்க முடிய வேண்டுமா, ரிவிஷன் (பழைய பதிப்புகளைச் சேமித்து வைப்பது) வேண்டுமா, மொழிபெயர்க்க முடிய வேண்டுமா, தனிப் பக்கம் வேண்டுமா, அனுமதிகள் வேண்டுமா, ரெஸ்ட் வழி (வேறு நிரல்கள் தகவலை எடுக்கும் வழி) வேண்டுமா என்று போகும். பதில் சொல்லி முடித்ததும் என்டிட்டி வகுப்பு, அதன் இன்டர்ஃபேஸ், பட்டியல் பக்கம், படிவம், அனுமதிக் கோப்பு, மெனு இணைப்புகள் எல்லாம் வந்து விழும். கையால் அடித்தால் ஒரு கமா, ஓர் இடைவெளி தவறி யாம்ல் கோப்பில் மணிக்கணக்காகத் தேட வேண்டிய இடம் இது. இங்கே ஜெனரேட்டருக்கு இணை கிடையாது.

ஆனால் அந்தக் கேள்விகளுக்கு எண்டர் தட்டிக்கொண்டே போகக்கூடாது. உட்கார்ந்து யோசிக்க வேண்டிய இடம் அது. பம்ப் மாடல் என்டிட்டிக்கு ரிவிஷன் வேண்டும் என்றோம். டெஸ்ட் பெட்டில் மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டு ஹெட் (தண்ணீரைத் தூக்கும் உயரம்), டிஸ்சார்ஜ் (வெளிவரும் தண்ணீர்) அளவுகளை மாற்றுவார்கள். போன மாதம் ஒரு டீலருக்கு எந்த அளவை வைத்துச் சிபாரிசு போனது என்று பின்னால் பார்க்க முடிய வேண்டும். மொழிபெயர்ப்பும் வேண்டும் என்றோம், தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் விளக்கம் வருவதால். உள்ளே தகவல் ஏறிய பிறகு ஒரு என்டிட்டியை ரிவிஷன் உள்ளதாகவோ மொழிபெயர்க்கக் கூடியதாகவோ மாற்றுவது பெரும்பாடு. விசாரணை என்டிட்டிக்கு ரெஸ்ட் வழி வேண்டவே வேண்டாம் என்றோம். காரணம் கீழே வரும்.

இன்னொன்று: ட்ரை ரன் என்ற ஆப்ஷன். அதைச் சேர்த்து ஓட்டினால் கோப்புகளை எழுதாமல் என்ன எழுதப் போகிறது என்று திரையில் காட்டும். குழுவில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு டிரூபல் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஒரு பதிலை மாற்றி மறுபடி ஓட்டினால் எந்தக் கோப்பில் எந்த வரி மாறுகிறது என்று கண்ணெதிரே தெரியும்.

பதிப்பு பொருந்துகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். டிரூபல் 10.2-லிருந்து பிளாக் போன்ற பிளக்கின்களைக் கமென்டுக்குள் எழுதும் அனோட்டேஷனுக்குப் பதில் பிஎச்பி ஆட்ரிபியூட்டாக எழுதலாம். பழைய டிரஷ் அனோட்டேஷன்தான் எழுதித் தரும். அது ஓடும், ஆனால் பழைய வழி. தளத்துக்குப் பொருந்துகிற புதிய டிரஷை முதலில் ஏற்றிவிட்டு ஜெனரேட் செய்தால் அந்த வேலை மிச்சம்.

உருவாகி வந்த கோப்புகளை எந்த மாற்றமும் செய்யாமல் அப்படியே முதல் கமிட்டாக (நிரல் வரலாற்றில் ஒரு பதிவாக) போட்டுவிட்டோம். அதன் பிறகு நாங்கள் எழுதியது தனித்தனிக் கமிட்டுகள். எது ஜெனரேட்டருடையது, எது நம்முடையது என்று பின்னால் வருகிறவருக்குப் பிரித்துத் தெரிய இது ஒன்றே போதும்.

கடையில் எழுதி வாங்கிய கணக்குகள்

சட்டகம் தயார். அதற்குள் வைக்க வேண்டிய கணக்கு யாரிடம் இருக்கிறது? கேட்டலாக்கில் இல்லை. பம்ப் விற்கிற கடையில்தான் இருக்கிறது. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்து காட்டிய ஊர் இது. அதற்குப் பின் வந்த தலைமுறைகள் மோட்டாரோடு மோட்டாராக வளர்ந்திருக்கின்றன. அனுபவமுள்ள கடைக்காரர் ஒருவர் நான்கு கேள்வியில் மாடலைச் சொல்லிவிடுகிறார்.

பல்லடம் பக்கத்தில் ஒரு கடையில் உட்கார்ந்து பார்த்தோம். வந்தவர், "ஏனுங்ண்ணா, போர் ஆயிரம் அடிங்க. எத்தனை ஹெச்பி போடலாமுங்க?" என்கிறார். கடைக்காரர் ஆழத்தைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "தண்ணி எத்தனை அடில நிக்குதுங்க? மோட்டார் ஓடறப்ப எதுவரைக்கும் எறங்குது? தண்ணி விட்டு விட்டு வருதுங்களா? தொட்டி எங்க இருக்குது? என்ன பைப்புங்க?" என்று கேட்டுக்கொண்டே போகிறார். போரின் ஆழத்துக்கும் பம்பு தூக்க வேண்டிய உயரத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஓடும்போது தண்ணீர் இறங்கி நிற்கும் மட்டத்திலிருந்து தொட்டி வரை உள்ள உயரமும், பைப்புக்குள் உரசலால் ஏற்படும் இழப்பும் சேர்ந்ததுதான் மொத்த ஹெட். இந்த நுட்பம் அவர் கேள்விகளின் வரிசையிலேயே இருக்கிறது.

அந்தக் கடையிலும் வேறு சில கடைகளிலும் கேட்டு, கேள்வியும் சரியான விடையுமாக ஒரு நோட்டு நிறைய எழுதிக்கொண்டோம். டெஸ்ட் பெட் ஃபோர்மேன் ஒவ்வொரு வரியையும் பார்த்து, சிலவற்றை அடித்து, சிலவற்றைச் சேர்த்தார். ஒவ்வொரு மாடலுக்கும் ஹெட், டிஸ்சார்ஜ் அளவுகளை இந்தியத் தர நிர்ணயப்படி சோதித்த தாள்களிலிருந்து எடுத்துக் கொடுத்தார்; போர்வெல் சப்மெர்சிபிளுக்கு ஐஎஸ் 8034, ஓப்பன்வெல்லுக்கு ஐஎஸ் 14220. நோட்டின் வரிகள் அப்படியே பிஎச்பியூனிட் என்ற சோதனைக் கருவிக்குத் தரவு கொடுக்கும் டேட்டா புரொவைடருக்குள் போயின. அதாவது கணக்கு எழுதப்படுவதற்கு முன்பே, அது சரியா தப்பா என்று சொல்லும் டெஸ்ட் தயாராக இருந்தது. இந்த முழு வேலையிலும் மிகப் பயனுள்ளது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

கணக்கை மொழி மாடலிடம் கேட்டபோது

அப்புறம் மொழி மாடல் ஒன்றிடம் போனோம். போர் விவரங்கள், பைப் விவரங்கள், பம்ப் அட்டவணை எல்லாம் கொடுத்தால் பொருத்தமான மாடலைத் தேர்ந்தெடுக்கும் சர்வீஸ் வகுப்பை எழுது என்று கேட்டோம். சில நொடிகளில் வந்த நிரல் படிக்க நன்றாக இருந்தது. கமென்டுகள் தெளிவாக இருந்தன. பைப் உரசலுக்கு ஹேசன் வில்லியம்ஸ் சூத்திரத்தை அதுவாகவே எடுத்திருந்தது, சூத்திரமும் சரி. டெஸ்ட்டை ஓட்டினால் பாதிக்கு மேல் சிவப்பு, அதாவது தோல்வி.

என்னென்ன தவறுகள் என்பதை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். போர் ஆழம் 1,000 அடி. ஓடும்போது தண்ணீர் நிற்பது 400 அடியில். தொட்டி தரையிலிருந்து 30 அடி உயரத்தில். பம்பு இறக்கியிருப்பது 500 அடியில். போரிலிருந்து தொட்டிக்குத் தரையில் 200 அடி தூரம். வேண்டிய தண்ணீர் நொடிக்கு 2 லிட்டர்.

தூக்க வேண்டிய உயரம் 430 அடி, அதாவது 131 மீட்டர். பைப்பின் நீளம் 730 அடி, அதாவது 222 மீட்டர். உயரத்துக்குத் தண்ணீர் மட்டத்தையும், உரசலுக்குப் பைப் நீளத்தையும் எடுக்க வேண்டும். மொழி மாடல் எழுதிய நிரல் உயரத்துக்குப் போர் ஆழத்தை எடுத்துக்கொண்டது. உரசல் சேர்க்காமலேயே 314 மீட்டர் வந்துவிட்டது. கடைக்காரர் சொல்லும் மோட்டாரைப்போல் இரண்டு மடங்கு மோட்டார் அதற்குத் தேவைப்படும்.

அதைத் திருத்தச் சொன்னதும் திருத்தியது. அடுத்தது பைப். உதாரணத்தில் இருப்பது 40 மில்லிமீட்டர் எச்டிபிஇ (பிளாஸ்டிக்) பைப். சூத்திரத்துக்கு வேண்டியது உள்விட்டம். எச்டிபிஇ பைப்பில் 40 என்பது வெளிவிட்டம்; சுவர்த் தடிமன் போனால் உள்ளே சுமார் 33 மில்லிமீட்டர்தான் இருக்கும். ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பின் அளவைச் சொல்லும் வழக்கம் வேறு. கடைக்காரர் 40 எம்எம் எச்டிபிஇ என்றால் ஒன்னேகால் இஞ்ச் கணக்கில்தான் பேசுவார். மாடல் 40-ஐ அப்படியே உள்விட்டமாகப் போட்டது. இந்த 7 மில்லிமீட்டரால் என்ன ஆகிறது பாருங்கள். 40 என்று போட்டால் உரசல் இழப்பு சுமார் 16 மீட்டர். 33 என்று போட்டால் சுமார் 41 மீட்டர். மொத்த ஹெட் 147-க்குப் பதில் 172. பம்பின் செயல்திறனைப் பாதி என்று வைத்துக்கொண்டால், முதல் கணக்கில் 8 குதிரைத்திறனுக்குச் சற்றுக் குறைவாகவும் இரண்டாவதில் 9-ஆகவும் வரும். நிரலைப் படித்து இந்தத் தவறைக் கண்டுபிடிக்க முடியாது, அது அத்தனை ஒழுங்காக இருந்தது. கடை நோட்டில் இருந்த வரி சிவப்பாகத் தெரிந்ததால்தான் பிடிபட்டது.

மூன்றாவதுதான் பெரிய தவறு. பம்ப் அட்டவணையில் ஒவ்வொரு மாடலுக்கும் குறைந்தபட்ச ஹெட், அதிகபட்ச ஹெட் என்று இரண்டு எண் இருக்கும். மொழி மாடல் எழுதிய நிரல், அதிகபட்ச ஹெட் தேவையைவிடக் கூடுதலாக இருக்கும் முதல் பம்பை எடுத்துக் கொடுத்தது. அதிகபட்ச ஹெட்டில் பம்பு கொடுக்கும் தண்ணீர் மிகக் குறைவு. 180 மீட்டர் வரை போகும் பம்பிடம் 172 மீட்டரில் நொடிக்கு 2 லிட்டர் கேட்டால் அதில் பாதிகூட வராமல் போகலாம். விவசாயி மோட்டாரை வாங்கி இறக்கிவிட்டுத் தண்ணீர் வரவில்லை என்று கடைக்கு வருவார். சரி, எதற்கும் பெரிய பம்பாகப் போட்டுவிடலாம் என்றால் அதுவும் ஆகாது. உயர ஹெட்டுக்குச் செய்த பம்பைக் குறைந்த ஹெட்டில் ஓட்டினால் தண்ணீர் கூடுதலாகப் பாய்ந்து மோட்டார் அதிக லோடு இழுக்கும், காயில் எரியும். ஆகவே ஹெட், டிஸ்சார்ஜ் அட்டவணையின் புள்ளிகளுக்கு நடுவே இன்டர்போலேட் செய்து (இடைப்பட்ட அளவைக் கணக்கிட்டு), கேட்ட ஹெட்டில் கேட்ட தண்ணீரைத் தருகிற, நல்ல செயல்திறன் இருக்கும் பகுதியில் ஓடுகிற மாடலை எடுக்க வேண்டும். இதைத் தமிழில் பத்து வரி எழுதி, அதன் பக்கத்தில் டெஸ்ட் வரிகளையும் கொடுத்த பிறகு மொழி மாடல் சரியாக எழுதியது.

அடி, மீட்டர் குழப்பத்துக்குத் தனியாக ஒரு காவல் வைத்தோம். நொடிக்கு இத்தனை லிட்டர், இத்தனை மீட்டர் என்று இரண்டையும் பெருக்கி 102-ஆல் வகுத்தால் தண்ணீரைத் தூக்கத் தேவையான கிலோவாட் கிடைக்கும். தேர்வான மோட்டாரின் அளவோடு அதை ஒப்பிட்டுப் பொருந்தவில்லை என்றால் மாட்யூல் விடை சொல்லாது. டீலரை அழையுங்கள் என்று சொல்லும். யாராவது 430-ஐ அடியாக நினைத்து மீட்டர் கட்டத்தில் போட்டுவிட்டால் 20 குதிரைத்திறனுக்கு மேல் போய்விடும், அப்போது இந்தக் காவல் தடுக்கும்.

கணக்கைத் தவிர டிரூபல் சார்ந்த தவறுகளும் வந்தன. மாடல் படித்த நிரலில் டிரூபல் 7 நிறைய இருந்திருக்க வேண்டும். டிபி குவெரி என்ற பழைய ஃபங்ஷனையும், செய்தி காட்டும் பழைய ஃபங்ஷனையும் நடுநடுவே எழுதியது. டிரூபல் 9-லேயே இரண்டும் நீக்கப்பட்டுவிட்டன. என்டிட்டி குவெரியில் அனுமதிச் சோதனை வேண்டுமா வேண்டாமா என்று குறிப்பிடாமல் விட்டது. டிரூபல் 10-ல் அப்படி விட்டால் பிழை வந்து நின்றுவிடும். இவற்றை எல்லாம் நிரலைச் சோதிக்கும் கருவிகளான பிஎச்பிஸ்டானும் கோடர் விதிகளும் வெளிச்சம் போட்டுக் காட்டிவிட்டதால் பெரிய தொந்தரவு இல்லை. கருவி பிடிக்கக் கூடிய தவறைக் கருவியிடம் விட்டுவிட்டு, நம் கண்ணைக் கணக்கின் மேல் வைக்கலாம்.

மாடல் தானாகக் கொடுத்த ஒரு யோசனையையும் சொல்ல வேண்டும். தாலுகாவைத் தேர்ந்தெடுத்தால் தண்ணீர் மட்டத்தைத் தானாக நிரப்பிக் கொடுக்கலாம் என்றது. கேட்க வசதியாகத்தான் இருக்கிறது. இந்தப் பகுதியை அறிந்தவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பக்கத்துப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு போரில் 300 அடியில் தண்ணீர் நிற்கும், இன்னொன்றில் 700 அடியில் நிற்கும். பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் மண்டலச் சுற்று, அதாவது முறை வைத்துத் திறக்கும் தண்ணீர், வரும்போது கிணற்று மட்டம் ஏறும், சுற்று முடிந்தால் இறங்கும். 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு அவினாசித் திட்டம் 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் திட்டம். அது போய்ச் சேரும் இடங்களில் நேற்றைய மட்டம் நாளைக்கு இருக்காது. தாலுகா சராசரியை வைத்து ஒருவர் பணத்தைப் போட்டு மோட்டார் வாங்கக்கூடாது. மட்டத்தைக் கேட்டே ஆக வேண்டும் என்று வைத்தோம். தெரியாதவர்களுக்கு, கயிற்றில் கல் கட்டி இறக்கி அளப்பதற்குப் படத்தோடு ஒரு குறிப்புக் கொடுத்திருக்கிறோம்.

விசாரணைகளை யார் பார்க்கலாம்

தேர்வு முடிந்ததும் பெயர், ஊர், போன் நம்பர் கொடுத்தால் பக்கத்து டீலர் அழைப்பார். இந்த விசாரணைகளைப் பட்டியலிடும் பக்கத்தை மாடலிடம் எழுதச் சொன்னபோது ரூட்டிங் கோப்பில் அனுமதியாக, உள்ளடக்கத்தைப் பார்க்கும் பொது அனுமதியைப் போட்டது. டிரூபலில் வழக்கமாக அது லாகின் செய்யாத பார்வையாளருக்கும் இருக்கும் அனுமதி. அப்படியே விட்டிருந்தால் அத்தனை விவசாயிகளின் போன் நம்பரும் முகவரி தெரிந்த யார் கண்ணிலும் பட்டிருக்கும். வரிக்கு வரி படித்ததில் ரிவியூவிலேயே அது மாட்டியது.

டிரஷ் என்டிட்டி ஜெனரேட்டர் உருவாக்கித் தந்த அனுமதிக் கோப்பில், பார்க்க, திருத்த, நீக்க என்று தனித்தனி அனுமதி ஏற்கெனவே இருந்தது. பட்டியல் பக்கத்தை அதனோடு இணைத்தோம். ஒரு டீலர் தன் பகுதி விசாரணையை மட்டுமே பார்க்க முடிய வேண்டும். அந்த ஒரு விதியை அனுமதி வகுப்பில் கையால் எழுதினோம். ஒரு டீலராக நுழைந்து இன்னொரு டீலரின் விசாரணையைத் திறக்க முயன்று, மறுக்கப்படுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட்டும் சேர்த்தோம். ரெஸ்ட் வழி வேண்டாம் என்று முதலிலேயே சொன்னதற்கும் இதுதான் காரணம். திறக்காத கதவுக்குப் பூட்டுத் தேவையில்லை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்திருக்கிறது. சின்ன கம்பெனிகளும் இதை ஆபீஸ் விஷயமாக எடுத்துக்கொள்ள வேண்டிய காலம். நம்பி நம்பரைக் கொடுத்த ஒருவரிடம் ஏமாற்றுக்காரன் போனில் பேசிவிட்டால், அந்தச் சங்கடம் எந்தச் சட்டத்தைவிடவும் பெரிது.

இப்போது எப்படி இருக்கிறது

மாட்யூல் தளத்தில் ஓடுகிறது. மாடல் அட்டவணையை இப்போது ஃபோர்மேனே ஏற்றுகிறார், புரோகிராமர் தேவைப்படுவதில்லை. தாளில் இருக்கும் ஐந்தாறு புள்ளிகளை அப்படியே படிவத்தில் அடித்தால் போதும். ஒரு புள்ளியில் ஹெட் ஏறும்போது டிஸ்சார்ஜும் ஏறினால் படிவம் ஏற்றுக்கொள்ளாது. அது அவரே கேட்டு வாங்கிய சோதனை.

டீலர்கள் முதலில் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். "எங்க வேலைய இது பார்த்துக்குமுங்களா தம்பி?" என்று ஒருவர் நேராகவே கேட்டார். அவர் கேட்கும் கேள்விகளே அதே வரிசையில் படிவத்தில் இருப்பதைக் காட்டியதும், வருகிறவர்களிடம் போனில் படிவத்தை நிரப்பிவிட்டுக் கடைக்கு வரச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். தண்ணீர் மட்டத்தை அளந்துகொண்டு வருகிறவர் வந்தால் பாதி வேலை முடிந்துவிடுகிறது என்கிறார்.

டிரூபல் 11-க்குப் போவது அடுத்த வேலை. 11.1-லிருந்து ஹுக்குகளையும் வகுப்புக்குள் ஆட்ரிபியூட்டாக எழுதலாம். எங்கள் மாட்யூலில் ஹுக் ஒன்றிரண்டுதான் என்பதால் அதைக் கையாலேயே மாற்றிவிடுவோம். ஜெனரேட்டரை மறுபடி அதன் மேல் ஓட்டினால் நாம் எழுதியதை அழித்துவிடும் அபாயம் இருக்கிறது. மாதிரிக்கு ஒரு காலி மாட்யூலைத் தனியாக உருவாக்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு மாற்றுவதே பாதுகாப்பு.

சோலார் பம்பு இன்னும் உள்ளே வரவில்லை. 2019-ல் தொடங்கிய பிஎம் குசும் திட்டத்துக்குப் பிறகு சோலார் பம்பு கேட்டு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். அதற்கு நொடிக்கு எத்தனை லிட்டர் என்ற கணக்கு ஒத்துவராது. வெயில் ஏற இறங்கத் தண்ணீரும் ஏறி இறங்கும், நாளுக்கு எத்தனை லிட்டர் என்றுதான் பார்க்க வேண்டும். எந்த அளவு வெயிலில் எந்த ஹெட்டில் எவ்வளவு தண்ணீர் என்ற அட்டவணையை ஃபோர்மேன் எடுத்துக்கொண்டிருக்கிறார். மேகமூட்டமான நாட்களின் அளவும் வேண்டும் என்கிறார், அதனால் வடகிழக்குப் பருவமழை முடிகிற வரை அது முழுமையாகாது.